சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறீர்களா? சலிப்பான பக்கங்களுக்குத் தயாராகுங்கள்

சர்வதேச உறவுகள் படிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப்பேர் செய்திப் பைத்தியங்கள். தப்பில்லை, நானும் அந்தக் கூட்டம்தான். எந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது, எந்த அதிபர் யாரோடு கைகுலுக்க மறுத்தார், யார் யாருக்கு ஏவுகணை விற்கிறார்கள், எல்லாம் விரல் நுனியில் இருக்கும். இதையே மூன்று வருடம் உட்கார்ந்து பேசினால் கடைசியில் ஒரு பட்டமும் கிடைக்கும் என்ற நினைப்பில் விண்ணப்பம் போடுவார்கள். வகுப்புக்குப் போனால் முதலில் 1648, அப்புறம் 1815, அப்புறம் 1919, எல்லாம் பழைய பெரும்போர்கள் முடிந்து ஐரோப்பாவில் சமாதானம் பேசிய வருடங்கள். அன்று காலையில் வெடித்த போரைப் பற்றிப் பேச்சே இருக்காது. கையைத் தூக்கிக் கேட்டால், ஆவணங்கள் வெளிவரட்டும், பிறகு பேசலாம் என்று பதில் வரும். இந்த இடத்திலேயே பாதிப்பேருக்கு ஆர்வம் வடிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் பரபரப்பான பகுதி எல்லாம் வெளியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது, கட்டணம் கட்டிப் படிக்க வேண்டியது சலிப்பான பகுதியைத்தான். வாக்கெடுப்பு விதி, கப்பல் பதிவு, மேல்முறையீட்டு நடைமுறை, ஒரு அமைப்பின் பட்ஜெட்டில் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்ற கணக்கு, இவற்றைத் தானாக உட்கார்ந்து யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால் நாடுகள் ஒன்றையொன்று மடக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

துறை பிறந்த கதையும் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் முதல் செமஸ்டரில் அது எப்படியும் வரும். முதல் உலகப்போர் முடிந்த கையோடு, 1919-ல், வேல்ஸில் அபெரிஸ்ட்வித் என்ற கடலோர ஊரின் பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியலுக்கென்று ஒரு பேராசிரியர் இருக்கை உருவானது. பணம் கொடுத்தவர் டேவிட் டேவிஸ் என்ற செல்வந்தர். போரில் செத்துப்போன மாணவர்களின் நினைவாக, இனி இப்படி ஒரு போர் வரக்கூடாது என்ற எண்ணத்தில் தந்த பணம் அது. பின்னர் அந்த இருக்கைக்கு அமெரிக்க அதிபராக இருந்த உட்ரோ வில்சன் பெயரை வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் 1936-ல் அதே இருக்கையில் வந்து உட்கார்ந்தவர் இ.எச். கார். அவர் சர்வதேச சங்கத்தின் (ஐ.நா.வுக்கு முன்னோடியான அமைப்பு) மீதான நம்பிக்கைகளை எல்லாம் கற்பனை என்று எழுதித் தள்ளினார். டேவிஸுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. சமாதானத்துக்காகக் கொடுத்த காசில் சமாதானக் கனவைக் கிழிக்கும் எழுத்து வளர்ந்தது. இந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, வேறு வேறு பெயர்களில் ஒவ்வொரு செமினாரிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பெயர்கள்தான் 'இசம்'கள், அதாவது நாடுகள் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று விளக்கும் கோட்பாடுகள். ரியலிசம், லிபரலிசம், கன்ஸ்ட்ரக்டிவிசம், மார்க்சியம், பெண்ணியம், பின்காலனியம் என்று வரிசையாக வரும். இவற்றை நன்றாகப் படியுங்கள், ஆனால் அணி பிரிந்து நிற்காதீர்கள். முதலாண்டு மாணவர்கள் இரண்டு வாரத்தில் 'நான் ஒரு ரியலிஸ்ட்' என்று அறிவித்துவிட்டு, அடுத்த மூன்று வருடமும் எல்லாக் கட்டுரையையும் 'நாடுகள் தங்கள் நலனைத்தான் பார்க்கும்' என்று முடித்துவிடுவார்கள். சரி, நலன் என்றால் என்ன, அதை யார் முடிவு செய்தது, நேற்று நலனாக இல்லாதது இன்று எப்படி நலனானது என்று கேட்டால் பதில் இருக்காது.

கோட்பாடுகளில் எனக்கு நிஜமாகவே உதவியது எது என்றால், கென்னத் வால்ட்ஸ் 1959-ல் முன்வைத்த எளிமையான பாகுபாடு. ஒரு போர் ஏன் வந்தது என்பதற்கு மூன்று தளங்களில் காரணம் தேடலாம்: தலைவர்கள் என்ற தனிமனிதர்கள், நாட்டின் உள்ளமைப்பு, நாடுகளுக்கு மேலே போலீஸ்காரர் யாரும் இல்லாத உலக அமைப்பு. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டிவி விவாதத்தைப் பாருங்கள், ஒருவர் தலைவரின் கோபத்தைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் தேர்தலைப் பற்றி, மூன்றாமவர் ஆயுதச் சமநிலையைப் பற்றி. மூன்று பேரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக் கத்திக்கொண்டிருப்பார்கள்.

இதன் அடுத்த படி கியூபா ஏவுகணை நெருக்கடி, சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைக்கப்போய் அமெரிக்காவோடு முட்டிக்கொண்ட கதை. 1962 அக்டோபர். எல்லாத் துறைகளிலும் இதைக் கட்டாயம் நடத்துவார்கள், காரணம் கிரஹாம் அலிசன் 1971-ல் எழுதிய ஆய்வு. அதில் எனக்குப் பிடித்த விஷயம் அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷேவும் மோதிக்கொண்டது அல்ல. சோவியத் ராணுவத்தினர் பரம ரகசியமாகக் கியூபாவுக்குத் தளவாடங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அங்கே தளம் அமைக்கும்போது சோவியத் மண்ணில் வழக்கமாக எந்த வடிவத்தில் அமைப்பார்களோ அதே வடிவத்தில் அமைத்தார்கள். மேலே பறந்த யு-2 உளவு விமானத்தின் படங்களைப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்களுக்கு அந்த வடிவம் ஏற்கனவே பழக்கமானது. அவ்வளவுதான், ரகசியம் போயிற்று. ஒரு பேரரசின் ரகசியத் திட்டத்தைக் காட்டிக்கொடுத்தது துறைக்குள் இருந்த கையேட்டுப் பழக்கம். 'ரஷ்யா நினைத்தது', 'அமெரிக்கா விரும்பியது' என்று எழுதும் பழக்கம் எனக்கு அந்த வாரத்தோடு குறைந்தது. நாடு எங்கே நினைக்கிறது? ஒரு அமைச்சகம் நினைக்கும், இன்னொரு அமைச்சகம் முறைக்கும், கீழே ஒருவர் பழைய கையேட்டைப் பார்த்து வேலையை முடித்துவிட்டுப் போவார்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளாதார அறிஞர் (2005-ல் நோபல் பரிசு பெற்றவர்) மிரட்டலைப் பற்றியே வாழ்நாளெல்லாம் யோசித்தவர். ஒரு மிரட்டலை எதிராளி ஏன் நம்ப வேண்டும் என்பது அவருடைய கேள்வி. அதைப் படிக்கும்போது எனக்கு ஔவையார்தான் ஞாபகம் வந்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டிப் பெருமைப்படுகிறான், இவர் பாராட்டுவது போலவே பேசுகிறார்: உன் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புதிதாகப் பளபளக்கும் ஆயுதத்தைவிடப் பயன்படுத்தித் தேய்ந்த ஆயுதம்தான் நம்பத்தக்க மிரட்டல். ஷெல்லிங்கை மேற்கோள் காட்டும் இடத்தில் புறநானூற்றையும் சேர்த்து ஒரு கட்டுரை கொடுத்தேன், மதிப்பெண் நன்றாகவே வந்தது.

சரி, சலிப்பான பக்கங்களுக்கு வருவோம்.

கப்பல்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கடலில் போகும் கப்பலுக்கு எந்த நாட்டுச் சட்டம்? அது எந்த நாட்டில் பதிவாகி எந்தக் கொடியைப் பறக்கவிடுகிறதோ அந்த நாட்டுச் சட்டம். உலகின் மிகப்பெரிய கப்பல் பதிவேடுகள் யாருடையவை என்று பார்த்தால் லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள். லைபீரியாவின் பதிவேட்டை நடத்துவது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் ஒரு நிறுவனம். கடலே இல்லாத மங்கோலியாவுக்கும் கப்பல் பதிவேடு உண்டு, அதன் அலுவலகம் சிங்கப்பூரில். முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, மாலுமிகள் ஐந்தாறு நாடு, சரக்கு இன்னொரு நாடு. இந்தக் கப்பலை யாராவது தாக்கினால் தாக்கப்பட்டது எந்த நாடு? இறையாண்மை பற்றி ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்ட விரிவுரைகளைவிட இந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

1982-ல் கையெழுத்தாகி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் அப்படித்தான். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஒரு நாட்டின் கடல், 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் எடுக்கும் உரிமை. மனிதர் வாழ முடியாத வெறும் பாறைக்கு அந்த 200 மைல் கிடையாது, தீவு என்றால் உண்டு. இந்த ஒரு பிரிவைப் படித்தால், கடலில் தனியாகக் கிடக்கிற திட்டுகளுக்கு ஏன் மணல் கொட்டுகிறார்கள், ஆள் குடியேற்றுகிறார்கள் என்பது விளங்கும். மணலைக் கொட்டினால் சட்டப்படி பாறை தீவாகிவிடாது என்பதும் விளங்கும். சீனாவுக்கு எதிராகப் பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் 2016 ஜூலையில் நடுவர் மன்றம், அங்கே உள்ள ஸ்ப்ராட்லி திட்டுகளில் எதற்குமே அந்த 200 மைல் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை. தீர்ப்பு இருக்கிறது, அமல்படுத்த ஆள் இல்லை, ஆனாலும் மற்ற நாடுகள் தங்கள் அறிக்கைகளில் அதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுகின்றன. அமலாகாத தீர்ப்பால் என்ன பயன் என்று வகுப்பில் ஒரு விவாதம் நடக்கும், போய் உட்காருங்கள், நன்றாக இருக்கும்.

நாடுகளின் வணிக வழக்குகளைத் தீர்க்கும் உலக வர்த்தக அமைப்பை யாரும் குண்டு போட்டு உடைக்கவில்லை. அதன் மேல்முறையீட்டு அமர்வில் ஏழு பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கை விசாரிக்க மூன்று பேர் தேவை. ஒவ்வொருவராகப் பதவிக்காலம் முடிந்து போகப்போக, புதியவர்களை நியமிக்க அமெரிக்கா ஒப்புதல் தரவில்லை. நியமனத்துக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. 2019 டிசம்பரில் மூன்று பேர்கூட இல்லாமல் போனதும் அமர்வு செயலிழந்தது. அன்றிலிருந்து, தோற்ற நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அப்படியே அந்தரத்தில் நிற்கும். செய்தியில் இது மூலையில் ஒரு பத்தி. வணிகத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

சர்வதேச நாணய நிதியத்திலும் இதே மாதிரி. அங்கே வீட்டோ (ஒரே நாடு முடிவைத் தடுக்கும் அதிகாரம்) என்ற ஏற்பாடே கிடையாது. ஆனால் முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்காவின் வாக்குப் பங்கு சுமார் 16.5 சதவீதம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வளரும் நாடுகளின் பங்கைக் கூட்டும் சீர்திருத்தம் 2010-ல் ஒப்புக்கொள்ளப்பட்டு, அமெரிக்க நாடாளுமன்றம் இழுத்தடித்ததால் 2016-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

நிறையப் பேர் மிரள்வது புள்ளியியல் தாளில். 'நான் இதிலிருந்து தப்பிக்கத்தானே இந்தப் பக்கம் வந்தேன்' என்று புலம்பல் கேட்கும். தயவுசெய்து தப்பிக்காதீர்கள். ஜனநாயக நாடுகள் ஒன்றோடொன்று போரிடுவதில்லை என்று ஒரு புகழ்பெற்ற வாதம் உண்டு. சரி, போர் என்பது எது? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1963-ல் தொடங்கிய தரவுத் திட்டம் ஒன்று, சண்டையில் குறைந்தது 1,000 பேர் இறந்தால்தான் போர் என்று எண்ணுகிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவில் ஆண்டுக்கு 25 பேர் இறந்தாலே ஆயுத மோதல் என்று பதிவாகும். எந்தக் கோட்டை எடுக்கிறீர்களோ அதற்கேற்ப உலகம் அமைதியாகவோ ரத்தக்களரியாகவோ தெரியும். கோட்டுக்குக் கீழே செத்தவர்கள் அட்டவணையிலேயே வரமாட்டார்கள். 'போர்கள் குறைந்துவருகின்றன' என்று யாராவது வரைபடம் காட்டும்போது எத்தனை பேர் செத்தால் போர் என்று எண்ணியிருக்கிறார்கள் எனக் கேட்கத் தெரிவதற்காகவாவது அந்தத் தாளைப் படியுங்கள். அதோடு, வேலைச் சந்தையில் இந்தப் பட்டத்தோடு நிற்கும் கூட்டத்தில் ஆர் அல்லது ஸ்டேட்டா போன்ற புள்ளியியல் மென்பொருள் தெரிந்தவர் தனியாகத் தெரிவார்.

மொழி பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஒரு மொழியை, அந்த நாட்டு நாளிதழைப் படிக்கிற அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். மொழி தெரியாமல் ஒரு பிராந்தியத்தின் நிபுணர் என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

எங்கே சேர்வது என்று கேட்கிறவர்கள் தரவரிசைப் பட்டியலைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். நான் பாடத்திட்டத்தைப் பார்க்கச் சொல்வேன். பட்டத்தின் பெயரில் ஏமாறாதீர்கள்: 'சர்வதேச உறவுகள்' என்று இருந்தால் பெரும்பாலும் அரசியல் அறிவியல் துறையின் கிளை, 'சர்வதேச ஆய்வுகள்' என்றால் வரலாறு, பொருளாதாரம், மொழி, பண்பாடு எல்லாம் கலந்து வரும். கலவை நல்லதுதான், ஆனால் எல்லாவற்றிலும் ஒரு அறிமுகத் தாள் மட்டும் வைத்து முடித்துவிடும் துறைகளும் உண்டு, மூன்றாம் ஆண்டிலும் 'அறிமுகம்' என்ற சொல்லோடு தாள்கள் இருந்தால் யோசியுங்கள். ஆய்வுமுறைத் தாள் கட்டாயமா, பொருளாதாரம் எந்த அளவுக்கு, சர்வதேசச் சட்டத்தைச் சட்டம் படித்தவர் நடத்துகிறாரா, கடைசியில் ஆய்வேடு எழுத வைக்கிறார்களா, இந்த நான்கையும் பார்த்தால் போதும். வாசிப்புப் பட்டியலில் எல்லா ஆசிரியர்களும் இரண்டே நாட்டுக்காரர்களாக இருந்தால் அதையும் கவனியுங்கள், உலகத்தைப் பற்றிய துறை என்று சொல்லிக்கொண்டு உலகத்தின் ஒரு மூலையிலிருந்து மட்டும் பேசுவது இந்தத் துறையின் பழைய வியாதி.

மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடித்து விவாதிக்கும் மாடல் யு.என். போட்டிகளுக்குப் போகலாமா? போங்கள், மேடைக் கூச்சம் போகும், நண்பர்கள் கிடைப்பார்கள். ஆனால் அங்கே கோட் போட்டுக்கொண்டு இரண்டு நாளில் உலகப் பஞ்சத்தைத் தீர்த்துவிட்டு வருவதற்கும் நிஜ ஐ.நா.வுக்கும் பெரிய சம்பந்தமில்லை. நிஜத்தில் ஒரு வாக்கியத்தின் வினைச்சொல்லுக்காக மூன்று வாரம் உட்காருவார்கள். நிஜ ஐ.நா.வில் இன்டர்ன்ஷிப் கிடைத்தால் பெருமைதான், ஆனால் ஐ.நா. செயலகம் அதற்குச் சம்பளம் தருவதில்லை. நியூயார்க்கிலும் ஜெனீவாவிலும் சொந்தக் காசில் மாதக்கணக்கில் தங்க முடிந்தவர்களுக்குத்தான் அது சாத்தியம். 2015-ல் ஜெனீவாவில் ஒரு இன்டர்ன் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. சமத்துவத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் அறிக்கை எழுதும் இடத்தில் இப்படி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போன்ற சில அமைப்புகள் உதவித்தொகை தருகின்றன, முதலில் அவற்றுக்கு விண்ணப்பியுங்கள்.

வேலை. இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். தூதராவதற்கு இந்தப் பட்டம் தேவையில்லை, பெரும்பாலான நாடுகளில் வெளியுறவுப் பணிக்குத் தனித் தேர்வு உண்டு, அதில் பொறியாளர்களும் மருத்துவர்களும்கூட வருகிறார்கள். என்னோடு படித்தவர்கள் போன இடங்களைப் பார்த்தால், வங்கியில் பொருளாதாரத் தடைகளைக் கண்காணிக்கும் பிரிவு, கப்பல் காப்பீடு, அகதிகளுக்கான சட்ட உதவி, சுங்க ஆலோசனை, பத்திரிகை, ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கொள்கைப் பிரிவு. யாரும் கொடி கட்டிய காரில் போகவில்லை. உலகம் முழுக்கப் புழங்கும் ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டில் ஒரு பொருள் எந்தத் தலைப்பில் விழும் என்று வாதாடுவதே ஒருவருடைய முழுநேர வேலை, எங்கள் கூட்டத்தில் நல்ல சம்பளம் வாங்குவதும் அவர்தான். பட்டம் முடித்த உடனே வேலை கைக்கு வருவதில்லை, முதல் இரண்டு மூன்று வருடம் திணறல்தான். கூடவே சட்டமோ, கணக்கோ, ஒரு மொழியோ வைத்திருந்தவர்களுக்குத் திணறல் குறைவாக இருந்தது. வீட்டில் பணக் கஷ்டம் இருந்து, உடனே சம்பாதிக்க வேண்டும் என்றால், முதல் பட்டத்தை வேறு எதிலாவது முடித்துவிட்டு இதை மேல்படிப்பாக எடுப்பது புத்திசாலித்தனம் என்றே சொல்வேன்.

இன்னும் முடிவெடுக்க முடியாமல் இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். ஐ.நா. சாசனத்தை இணையத்தில் எடுத்து முழுக்கப் படியுங்கள். 19 அத்தியாயம், 111 பிரிவுகள், ஒரு மாலையில் முடித்துவிடலாம். 23-ஆம் பிரிவில் பாதுகாப்பு கவுன்சிலின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் பெயர்கள் இருக்கும். அதில் இன்றும் 'சீனக் குடியரசு' என்றும் 'சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்' என்றும்தான் இருக்கிறது. முதலாவது பெயர் இன்று தைவானில் இருக்கும் அரசினுடையது, இரண்டாவது நாடே இப்போது இல்லை. சீனாவின் இடம் 1971-ல் பொதுச் சபைத் தீர்மானம் ஒன்றின் மூலம் பெய்ஜிங்குக்குப் போனது. சோவியத்தின் இடத்தில் ரஷ்யா வந்தது 1991 டிசம்பரில் யெல்ட்சின் அனுப்பிய ஒரு கடிதத்தோடு. இந்த இரண்டு மாற்றங்களுக்காகச் சாசனத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அப்படியே 27-ஆம் பிரிவுக்கும் போங்கள். முக்கியத் தீர்மானங்களுக்கு நிரந்தர உறுப்பினர்களின் இசைவான வாக்கும் வேண்டும் என்று அது சொல்கிறது. நடைமுறையில் அவர்களில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றாலும் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது, அது சரிதான் என்று பன்னாட்டு நீதிமன்றமே 1971-ல் சொல்லிவிட்டது. இதையெல்லாம் யார் எப்போது ஒத்துக்கொண்டார்கள், ஏன் ஒருவரும் தடுக்கவில்லை, நாளைக்கு யாராவது தடுத்தால் என்ன ஆகும் என்று தேடத் தொடங்கி நடுராத்திரி ஆகிவிட்டதென்றால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பத்தாவது பிரிவிலேயே கொட்டாவி வந்தால் வரலாறோ இதழியலோ படிக்கலாம், செய்திகளை எப்போதும் போலப் படித்துக்கொண்டே இருக்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.